எண்ணெய் எந்தச் சிலிண்டருக்குப் போகும்?

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் சாலைகள் அடைபட்டன. அத்தகைய சரிவை அள்ளும் ஜேசிபியில் பல சிலிண்டர்கள் ஒரே எண்ணெய்த் தொட்டியை நம்பி இயங்குவதைக் காண்பவருக்கு, சீகைக் கட்டையைத் தூக்கவும் பிளக்கவும் அதைப் போன்ற சிறிய இயந்திரம் ஒன்றைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. அப்போது பம்பின் அளவைப் பற்றியே பலரும் கேட்கின்றனர். முதலில் கேட்க வேண்டியது வால்வைப் பற்றி.

கியர் பம்ப் அழுத்தத்தைத் தருவதில்லை. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று எண்ணெயைத் தள்ளுவதே அதன் வேலை, அழுத்தத்தை உண்டாக்குவது சுமைதான். 63 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றரை டன்னைத் தாங்கினால், உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ அழுத்தம் நிற்கும்; அதே அளவுள்ள இன்னொன்று 300 கிலோவைத் தாங்கினால் 10 கிலோகூட வராது. இரண்டு லீவர்களையும் ஒன்றாக இழுத்தால் லேசான சிலிண்டர் எழும். கனமானதோ நின்றுவிடுவதோடு அமையாமல், தன் எண்ணெயையும் லேசானதற்குக் கொடுத்துவிட்டு, தூக்கிய கட்டையோடு கீழே இறங்கும்.

இதைத் தடுப்பது லோடு செக் வால்வு எனப்படும் விரல்நுனியளவு அடைப்பான். ஸ்பூல், அதாவது லீவரோடு நகர்ந்து வழிகளைத் திறந்து மூடும் உருளைத்தண்டு, எண்ணெயைப் பெறும் வழியில் மெல்லிய ஸ்பிரிங்கின் பிடியில் அது அமர்ந்திருக்கிறது. பம்பின் பக்கத்து அழுத்தம் சுமையின் அழுத்தத்தை மிஞ்சும் வரை அது திறப்பதில்லை. கொடைக்கானல் மலையிலுள்ள கூக்காலின் படிக்கட்டு நிலத்தில் ஒரே வாய்க்காலிலிருந்து மேல்பாத்திக்கும் கீழ்பாத்திக்கும் மடை திறந்தால் நீர் கீழ்பாத்திக்கே ஓடும், மேல்பாத்தியில் தேங்கிய நீரும் தன் மடை வழியே திரும்பி வாய்க்காலில் இறங்கிவிடும். உள்நோக்கி மட்டும் திறக்கும் பலகையை அந்த மடையில் பொருத்தினால் தேங்கியது தேங்கியபடி நிற்கும். எல்லா மடைகளும் மூடியிருக்கையில் வாய்க்காலின் கடைசியில் நீர் ஓடைக்குத் திரும்பத் திறந்த வழி இருப்பது ‘ஓப்பன் சென்டர்’ அமைப்பு. அடைபட்ட நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடும் கலிங்கே ரிலீஃப் வால்வு.

வரலாற்றில் சொல்ல வேண்டியது அதிகமில்லை: ஜோசப் பிரமா 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரத்தில் பாரத்தை அழுத்தியது ஒரே உருளை என்பதால், நீர் எந்த உருளைக்குப் போகும் என்ற சிக்கலே அதில் எழவில்லை.

மின்னணுக் கட்டுப்பாட்டு வால்வுகள் எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே நேரத்தில் சீராக இயக்கும் என்ற விளம்பரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. பம்ப் தரும் லிட்டர் போதாவிட்டால் எந்த வால்வாலும் அதைப் பெருக்க முடியாது. சாதாரண கியர் பம்புக்கு, ஒவ்வொரு ஸ்பூலிலும் லோடு செக் உள்ள ஓப்பன் சென்டர் மோனோபிளாக் (எல்லா ஸ்பூல்களும் ஒரே வார்ப்பில் அமைந்த) வால்வே பொருந்தும். நடுநிலையில் வழியை முற்றிலும் அடைக்கும் வால்வைப் பொருத்தினால், எண்ணெய் ஓயாமல் ரிலீஃப் வால்வு வழியே பீறிட்டுச் சூடேறும்.

சரிவான நிலத்தில் இயந்திரத்தைத் தாங்கும் கால்களுக்கு லோடு செக்கும் போதாது. ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி இருந்தே தீரும் என்பதால், லீவரைத் தொடாவிட்டாலும் எண்ணெய் கசிந்து கால் மெல்ல உள்ளே போகும். எனவே பைலட் செக் வால்வை, அதாவது லீவரை இயக்கும்போது வரும் எண்ணெயின் அழுத்தத்தால் மட்டுமே திரும்பும் வழியைத் திறக்கும் அடைப்பானை, ஹோஸ் வெடித்தாலும் சுமை நிற்கும்படி, சிலிண்டரின் உடலிலேயே பொருத்த வேண்டும்.