சாய்ந்த கோபுரமும் மீண்டு வந்த சங்கிலியும்

இத்தாலி தேசத்தில் பைசா என்று ஒரு நகரம் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் நமக்குச் சில்லறைக் காசு நினைவுக்கு வரும். போய் வந்தவர்களுக்கோ கைப்பணம் கரைந்த கதை நினைவுக்கு வரும். இவ்விரண்டும் போக, உலகத்தார் அனைவருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஊரின் சாய்ந்த கோபுரம். பாடப் புஸ்தகத்தில் அதன் படத்தைப் பார்த்த நாள் முதல், ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு.

இப்போது அந்த ஆசை நிறைவேறுவது கஷ்டமில்லை. பிளாரென்ஸ் நகரில் தங்குகிறவர்களை ஒரே நாளில் பைசாவுக்கும், அதையடுத்த லுக்காவுக்கும் அழைத்துச் சென்று, இராச் சாப்பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே பல பிரயாண ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பெரிய பஸ்ஸில் ஐம்பது பேரோடு சேர்ந்து போகலாம். அல்லது ஒரு குடும்பத்தார் மட்டும் தனியே மோட்டாரும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு போகலாம். இரண்டாவது முறைக்குச் செலவு அதிகம். அந்த அதிகச் செலவுக்குப் பலன் உண்டா என்று வாசகர்கள் கேட்பார்கள். உண்டு; ஆனால் வழிகாட்டியிடம் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

பஸ்ஸில் வருகிறவர்கள் பைசாவில் செய்வது இன்னதென்று எல்லாருக்கும் தெரியும். புல்தரையில் வரிசையாக நின்று, கோபுரத்தை விழாமல் தாங்குவது போல் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பொம்மைக் கோபுரம் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கையை எடுத்த பிறகும் கோபுரம் விழாமல் நிற்கிறது என்பதே ஆச்சரியம்! அந்தக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில், இந்தியர்களாகிய நாம் பார்க்கவேண்டிய வேறு சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

வழியில் ஓர் இந்திய அரசர்

பிளாரென்ஸின் மேற்கு எல்லையில், ஆர்னோ நதிக்கரையோரமாக, காஷீனே என்ற பெரிய பூங்கா இருக்கிறது. அதன் கோடியில், முஞோனே என்னும் சிற்றாறு ஆர்னோவுடன் கலக்குமிடத்தில், மண்டபம் ஒன்றின் கீழ் தலைப்பாகையும் ஆபரணங்களும் அணிந்த ஓர் இளைஞரின் சிலையைக் காணலாம். அவர் கோல்ஹாப்பூர் மகாராஜா இராஜாராம். இங்கிலாந்துக்குப் போய்விட்டுத் தாய்நாடு திரும்பும் வழியில், 1870-ம் வருஷம் நவம்பர் மாதம் பிளாரென்ஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். இரு நதிகள் கூடுமிடத்தில் தகனம் செய்வதே முறை என்பதால், நகர அதிகாரிகளின் விசேஷ அநுமதி பெற்று இவ்விடத்தில் சிதை மூட்டினார்கள். 1874-ல் ஞாபகச் சின்னம் எழுந்தது. நூறு வருஷங்களுக்குப் பிறகு அதனருகே கட்டப்பட்ட பெரிய பாலத்துக்கும் 'இந்தியர் பாலம்' என்றே பெயர் வழங்குகிறது. பைசாவுக்குப் போகும் மோட்டாரை இங்கே சற்று நிறுத்தச் சொன்னால் காலம் அதிகம் வீணாகாது.

கோபுரம் ஏன் விழவில்லை?

பைசாவில் நகரத்தின் உட்பகுதிக்குள் வெளியூர் வண்டிகள் புகக் கூடாது. ஆகவே வண்டியை வெளியே விட்டுவிட்டு நடக்கவேண்டும். கோட்டை வாயிலைத் தாண்டினால் பச்சைப் புல்வெளி. அதன்மேல் வெண்சலவைக் கல்லில் மாதாகோயில், ஞானஸ்நான மண்டபம், மணிக் கோபுரம், மயான மண்டபம் என்ற நான்கு கட்டடங்கள்.

கோபுரத்தின் அஸ்திவாரம் 1173-ல் போடப்பட்டது. அடியிலுள்ள பூமி களிமண்ணும் மணலும் கலந்த மிருதுவான பூமி. ஆகையால் மூன்றாவது அடுக்கு எழும்பும்போதே கட்டடம் சாயத் தொடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் வேலை நின்றுபோய், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அப்படியே கிடந்தது. அந்தத் தாமதந்தான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் கட்டியிருந்தால் பாரம் தாங்காமல் அப்போதே விழுந்திருக்கும். இடையில் கிடைத்த அவகாசத்தில் அடியிலுள்ள களிமண் அமுங்கி இறுகிவிட்டது. 1272-ல் மறுபடி கட்டத் தொடங்கிய கொத்தர்கள் சாய்வைச் சரிக்கட்ட முயன்றார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பது மட்டுமல்ல, சிறிது வளைந்தும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இது தெரியும்.

1989-ல் பாவியா என்ற ஊரில் பழைய கோபுரம் ஒன்று திடீரென்று இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். அந்தப் பயத்தில் அடுத்த வருஷமே பைசாக் கோபுரத்தை மூடினார்கள். கோபுரம் தெற்கே சாய்வதால், வடபுறத்து அடிவாரத்தில் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பிறகு அந்த வடபுறத்துக்கு அடியிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுகக் குடைந்து எடுத்தார்கள். மண் குறையக் குறைய, கோபுரம் தானாகவே வடக்கு நோக்கி நிமிர்ந்தது. உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் பின்வாங்கியதும் போதுமென்று நிறுத்தி, 2001 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். முழுவதும் நிமிர்த்தியிருந்தால் யார் பார்க்க வரப்போகிறார்கள்?

மேலே ஏற விரும்புகிறவர்கள் குறித்த நேரத்துக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கவேண்டும். கைப்பைகளைக் கீழே வைத்துவிட வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அநுமதிப்பதில்லை. சிறு குழந்தைகளோடு போகும் தாய்மார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாய்ந்த கோபுரத்தின் அடியில் அழும் குழந்தையைச் சமாதானம் செய்வது எளிதல்ல.

சங்கிலி சொல்லும் கதை

இப்போது புல்வெளியின் வடக்கே நீண்டு கிடக்கும் மயான மண்டபத்துக்குள் போவோம். பஸ்காரர்கள் இங்கே அதிகம் வருவதில்லை. சுவர் நெடுகப் பழைய சித்திரங்கள். 1944 ஜூலை 27-ந் தேதி அமெரிக்கப் படையின் பீரங்கிக் குண்டு ஒன்று விழுந்து கூரையில் தீப்பற்றியது. கூரையிலிருந்த ஈயத் தகடுகள் உருகிச் சித்திரங்களின்மேல் வழிந்தன. அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்துப் பழுதுபார்த்து வந்தார்கள். 'மரணத்தின் வெற்றி' என்னும் பெரிய சித்திரம் 2018-ல்தான் தன் பழைய சுவருக்குத் திரும்பியது.

இந்த மண்டபத்துச் சுவரிலே இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் கதை பெரிது. பைசா ஒரு காலத்தில் கடலாதிக்கம் செலுத்திய குடியரசு. மன்னன் இல்லாமல் தன்னைத் தானே ஆண்டுகொண்ட நகரம். ஜெனோவாவும் அப்படியே, பிளாரென்ஸும் அப்படியே. ஒரே பாஷை, ஒரே மதம், அடுத்தடுத்த ஊர்கள். ஆயினும் ஒன்றுக்கொன்று ஜன்மப் பகை. 1284 ஆகஸ்டு 6-ந் தேதி மெலோரியா என்ற தீவுத் திட்டின் அருகே நடந்த கடற்போரில் ஜெனோவா பைசாவின் கடற்படையை நாசம் செய்து, ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்துச் சென்றது. "பைசாவைப் பார்க்க வேண்டுமானால் ஜெனோவாவுக்குப் போ" என்று பழமொழியே பிறந்துவிட்டது. பிற்பாடு பைசாத் துறைமுகத்தின் வாயிலை மூடும் சங்கிலிகளையும் அறுத்துக்கொண்டுபோய், வெற்றிச் சின்னமாகத் தங்கள் ஊரில் மாட்டி வைத்தார்கள். அவற்றில் ஒரு பகுதியைப் பிளாரென்ஸுக்கு வெகுமதியாகக் கொடுத்தார்கள். 1406-ல் பைசா பிளாரென்ஸுக்கு அடிமையாயிற்று. பின்னர் பிளாரென்ஸும் தன் குடியரசை இழந்தது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட நகரங்களின் தேசத்தில் பிரான்ஸும் ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் மாறி மாறிப் புகுந்தன.

அறுநூறு வருஷங்கள் கழித்து இத்தாலியர்களுக்கு 'நாம் ஒரே தேசத்தார்' என்ற உணர்ச்சி பிறந்தது. 1848-ல், புரட்சி கிளம்பிய வருஷத்தில், பிளாரென்ஸ் தன்னிடமிருந்த சங்கிலியைப் பைசாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1860-ல், தேசம் ஒன்றுபடும் தறுவாயில், ஜெனோவாவும் கொடுத்துவிட்டது. இத்தாலியின் ஐக்கியத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் படிப்பதைவிட இந்தச் சங்கிலிகளின் முன் ஐந்து நிமிஷம் நிற்பது மேல். பிறரிடம் பறித்த பொருளை வெற்றிச் சின்னமாக வைத்துக்கொண்டிருக்கும் வரையில் சகோதரத்துவம் என்ற பேச்சு வெறும் பேச்சுத்தான் அல்லவா?

நம் எண்கள்

அதே மண்டபத்தில் நிற்கும் ஒரு சிலையையும் பார்க்க வேண்டும். லியோனார்டோ என்ற பைசா நகரத்துக் கணித அறிஞர். பிபனாச்சி என்ற பெயரால் உலகம் அறியும். இவருடைய தந்தை ஆப்பிரிக்காவின் வட கரையில் பைசா வர்த்தகர்களின் அலுவல்களைப் பார்த்து வந்தார். அங்கே சிறுவன் லியோனார்டோ, இந்தியாவில் பிறந்து அராபியர் மூலம் பரவிய எண்முறையைக் கற்றான். 1202-ல் எழுதிய கணித நூலில், இந்தியர்களின் ஒன்பது எண்களையும் பூஜ்யத்தையும் கொண்டு எந்தத் தொகையையும் எழுதலாம் என்று ஐரோப்பிய வியாபாரிகளுக்கு விளக்கினார். அவர்களோ சுலபத்தில் ஏற்கவில்லை. 1299-ல் பிளாரென்ஸின் லேவாதேவிக்காரர் சங்கம் இந்த எண்களைக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதக் கூடாதென்று தடையே போட்டது. இன்றோ அந்த ஊர்க் கடைகளில் நாம் கொடுக்கும் பணத்துக்கு அந்த எண்களிலேயே ரசீது எழுதித் தருகிறார்கள்.

மாஜினி கண்மூடிய வீடு

பைசாவை விட்டுப் புறப்படுமுன், வழிகாட்டியிடம் தவறாமல் கேட்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆர்னோ நதிக்குத் தெற்கே, மாஜினி தெருவில் இருக்கும் மாஜினி இல்லம்.

மாஜினியின் பெயர் தமிழர்களுக்குப் புதியதல்ல. அவருடைய சபதத்தைப் பாரதியார் தமிழில் பாடியிருக்கிறார். லாலா லஜபதி ராய் 1896-ல் உருது மொழியில் அவருடைய சரித்திரத்தை எழுதினார். மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய பத்திரிகையில் 1905-ல் அவரைப் பற்றி எழுதினார். ஜெனோவாவில் 1805-ல் பிறந்து, 1831-ல் 'இளைய இத்தாலி' என்னும் சங்கத்தை ஸ்தாபித்து, வாழ்நாளில் பெரும் பகுதியை அந்நிய நாடுகளில் கழித்தவர் அவர். தேசம் ஒன்றானது, ஆனால் அவர் விரும்பிய குடியரசு வரவில்லை, மன்னராட்சி வந்தது. ஆகவே தாம் ஒன்றுபடுத்திய தாய்நாட்டிலேயே, பிரௌன் என்ற ஆங்கிலப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பைசாவில் சிநேகிதர் வீட்டில் ஒளிந்து வாழ்ந்தார். 1872 மார்ச்சு 10-ந் தேதி அங்கேயே உயிர் துறந்தார். ஜெனோவாக்காரர் ஒருவருக்காகப் பைசா நகரம் கண்ணீர் வடித்தது. மெலோரியாவின் பகைக்கு இதைவிட நல்ல முடிவு வேறென்ன வேண்டும்?

அந்நிய ஆட்சி போய்ச் சொந்த மன்னர் வந்ததனால் மட்டும் இத்தாலிய ஜனங்களுக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை என்று காந்தியடிகள் 1909-ல் 'இந்திய சுயராஜ்யம்' என்ற நூலில் மாஜினியின் பெயரைச் சொல்லியே வாதித்தார். இத்தாலியர்கள் வாக்களித்து மன்னராட்சியை நீக்கியது 1946-ல். மாஜினி மறைந்து 74 வருஷங்களுக்குப் பிறகு. யுத்தத்தில் குண்டுவீச்சால் சேதமடைந்த அந்த வீட்டை மீண்டும் கட்டி, நூல் நிலையமும் காட்சிசாலையுமாக ஆக்கியிருக்கிறார்கள்.

போர் காணாத மதில்

பைசாவிலிருந்து லுக்கா சுமார் 20 கிலோமீட்டர். அரை மணிப் பிரயாணம். நகரத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட மதில். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் நடுவில் முடித்தார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மதிலை எந்தச் சத்துருவும் முற்றுகையிடவில்லை. 1812-ல் செர்க்கியோ நதி பெருகியபோது, வாயில்களை அடைத்து வெள்ளத்தைத் தடுத்தார்கள்; மதிலுக்குக் கிடைத்த ஒரே எதிரி அந்த வெள்ளந்தான். இன்று மதில்மேல் இருபுறமும் நிழல் தரும் மரங்கள். வாடகைச் சைக்கிளில் குழந்தைகளும் கிழவர்களும் சுற்றி வருகிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'செச்சீனா' என்று கேட்டால், கடலை மாவைக் கரைத்து எண்ணெய் சேர்த்து அடுப்பில் சுட்ட அடையைத் தருவார்கள். சோம்பும் உலர்ந்த திராட்சையும் சேர்த்த 'புச்செல்லாத்தோ' ரொட்டியைக் குழந்தைகள் விரும்புவார்கள்.

லுக்காக் குடியரசின் சின்னத்தில் சுதந்திரம் என்று பொருள்படும் 'லிபெர்தாஸ்' என்ற லத்தீன் சொல் பொறித்திருந்தது. 1369-ல் சக்கரவர்த்தியிடம் பெருந்தொகை கொடுத்துப் பெற்ற சுதந்திரத்தை, 1799-ல் பிரெஞ்சுப் படை வரும்வரையில் இந்தச் சிறு நகரம் காப்பாற்றிக்கொண்டது. பிற்காலத்தில் ஆட்சி சில பணக்காரக் குடும்பங்களின் கையில்தான் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1805-ல் நெப்போலியன் இந்நகரைத் தன் சகோதரி எலிசாவுக்குக் கொடுத்தான். மதிலால் அவனைத் தடுக்க முடியவில்லை.

மாலையில், பழைய ரோமானியக் களரியின்மேல் வீடுகள் எழும்பி முட்டை வடிவமாக அமைந்த சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டி ஏறினால், இருட்டுவதற்குள் பிளாரென்ஸ் சேரலாம்.

இத்தாலியில் வழிகாட்டித் தொழில் செய்கிறவர்கள் அரசாங்க உரிமம் பெற்றவர்கள். தங்கள் தேச சரித்திரத்தை நன்றாகப் படித்தவர்கள். ஆனால் கேட்பவர்கள் கோபுரத்தை மட்டும் கேட்டால், அவர்களும் கோபுரத்தை மட்டுமே காட்டுவார்கள். ஆகையால் அமர்த்தும்போதே மூன்று இடங்களைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்: மயான மண்டபத்துச் சங்கிலிகள், பிபனாச்சியின் சிலை, மாஜினியின் வீடு. அந்த வீடு திறந்திருக்கும் நேரத்தையும் முன்னதாகவே விசாரிக்கச் சொல்லுங்கள். கோபுரத்தை நீங்கள் கேட்காமலே காட்டுவார்கள்.