கட்டிலில் மாண்ட கொடுங்கோலன்

உகாண்டா தேசத்தை 1971 முதல் 1979 வரை எட்டு வருஷ காலம் ஆட்டிப் படைத்த ஸர்வாதிகாரி இடி அமீன், 2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி சனிக்கிழமையன்று, ஸவூதி அரேபியாவில் ஜெட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், வைத்தியர்கள் சூழ, கட்டிலில் கிடந்து மாண்டான். அன்றைக்கே அவ்வூர் மயானத்தில் அடக்கமும் நடந்தேறியது. அவன் ஆட்சியில் மடிந்தவர் தொகையை ஒரு லட்சம் என்பாரும், மூன்று லட்சம் என்பாரும், ஐந்து லட்சம் என்பாரும் உளர். எத்தொகையை ஏற்றாலும், அவர்களில் ஒருவர் பொருட்டேனும் அவன் எந்த நியாயஸ்தலத்திலும் கூண்டேறி நிற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவனுடைய மரணச் செய்தியை உலகம் பலவாறாக வரவேற்றது. அவன் உயிரோடு திரும்பினால் செய்த குற்றங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று உகாண்டாவின் ஜனாதிபதி முசெவேனி முன்னரே எச்சரித்திருந்தார். செத்த பின்பு, உறவினர் விரும்பினால் உடலைக் கொண்டு வந்து புதைத்துக் கொள்ளலாம், அரசாங்க மரியாதை மாத்திரம் கிடையாது என்றார்கள் அவரது சர்க்காரார். அமீனின் சொந்தச் சீமையாகிய மேற்கு நைல் பிரதேசத்தில் துக்கம் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் 1977 முதல் 1979 வரை அந்நிய நாட்டு மந்திரியாயிருந்த டேவிட் ஓவன், அமீனைக் கொன்று விடலாமா என்று தாம் அக்காலத்தில் யோசனை சொன்னதாகவும், அது நிராகரிக்கப்பட்டதாகவும், அதற்காகத் தாம் வெட்கப்படவில்லை என்றும் வெளியிட்டார். அமீனால் துரத்தப்பட்டு இங்கிலாந்தில் குடியேறிப் பெரும் பொருள் ஈட்டிய குஜராத்தி வியாபாரிகளிற் சிலரோ, அவன் துரத்தியிராவிட்டால் தமக்கு இந்த வாழ்வு ஏது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். பிழைத்தவர் சொல்லக்கூடிய வேடிக்கை அது.

அச்செய்தி வந்த பொழுது நாம் கோடைக்கானலில் இருந்தோம். நமக்கு அப்பொழுது வக்கீல் தொழில் புதிது. பத்திரிகைத் தொழிலோ தலையில் ஏறவேயில்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் சந்தை கூடியிருந்தது. பழனி மலைகளின் மேற்புறத்து ஊர்களாகிய பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பூண்டு மூட்டைகளோடு ஜனங்கள் வந்திருந்தார்கள். வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்த பத்திரிகைக் கட்டை அவிழ்த்ததும் அதில் ஒரு பிரதி சந்தைக்கு அருகிலிருந்த டீக்கடைப் பெஞ்சிற்கு வந்து சேர்ந்தது. மார்பு நிறையப் பதக்கங்களோடு அமீன் அதில் நின்று கொண்டிருந்தான்.

டீக்கடைப் பேச்சு நாம் எதிர்பார்த்தவாறே தொடங்கிற்று. அவன் நரமாமிசம் தின்றவன் என்றார் ஒருவர். வெட்டிய தலைகளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தான் என்றார் மற்றொருவர். ருஜுவில்லாத இக்கதைகளே ருஜுவான கொலைகளைக் காட்டிலும் வேகமாகப் பரவியிருப்பது விந்தை. பூதத்தின் கதை கேட்பதற்குச் சுவையானது. அன்றியும், செய்தது பூதம் என்று தீர்த்து விட்டால், அதற்குச் சோறு போட்டு வளர்த்தவர் யார் என்ற விசாரணைக்கு அவசியமில்லாமற் போகிறது.

இந்த விசாரணையை நாம் சற்றே நடத்துவோம். 1946-ல் அமீனைப் பட்டாளத்தில் சேர்த்தவர்கள் பிரிட்டிஷார். சமையற்காரனுக்கு எடுபிடியாய்ச் சேர்ந்தவனைக் கென்யாவில் சுதந்திரத்திற்காகக் கிளர்ந்தெழுந்தவர்களை அடக்க அனுப்பியவர்களும் அவர்களே. 1962-ல் துர்கானா என்னும் மாடு மேய்க்கும் ஜாதியாரைச் சித்திரவதை செய்து கொன்றதாக அவன் பட்டாளத்தின்மீது குற்றம் எழுந்தது. உகாண்டா சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தமையால், வழக்கு வேண்டாம் என்று வெள்ளைக்காரக் கவர்னரும், அடுத்து ஆளவிருந்த மில்டன் ஒபோட்டேயும் கலந்து பேசி, கண்டித்து விட்டு விட்டார்கள். அந்த ஒபோட்டேயையே அமீன் 1971 ஜனவரி 25-ந் தேதி கவிழ்த்தான். அவனுடைய சர்க்காரை முதலில் அங்கீகரித்தவர்களில் பிரிட்டன் ஒன்று. அதே வருஷம் ஜூலையில் அவன் லண்டன் சென்று மகாராணியோடு பகல் விருந்துண்டான்.

டீக்கடைக்குத் திரும்புவோம். கம்பளிக் குல்லாய் அணிந்த உத்தியோகஸ்தர் ஒருவர், 'என்ன சொன்னாலும், நம் தேசத்திற்கு இவனைப் போல் ஒருவன் பத்து வருஷம் வந்தால்தான் லஞ்சம் ஒழியும்' என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆமென்று அசைந்தன. இந்த வாக்கியத்தை ரயில் வண்டியிலும் கலியாண வீட்டிலும் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 2019 செப்டம்பரில் ஸிம்பாப்வேயின் ராபர்ட் முகாபே சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்த சமயத்திலும் கேட்டோம். படித்தவர்களே இதை அதிகம் சொல்லுகிறார்கள்.

அவருக்கு நாம் ஒரு சம்பவத்தை மட்டும் சொன்னோம். 1972 செப்டம்பர் 21-ந் தேதி உகாண்டாவின் பிரதம நீதிபதி பெனடிக்டோ கிவானுகாவை அமீனின் ஆட்கள் ஹைக்கோர்ட்டுக் கட்டடத்திலிருந்தே இழுத்துக் கொண்டு போனார்கள். பின்பு அவரை உயிரோடு கண்டார் இல்லை. பிரதம நீதிபதியைக் கோர்ட்டிலிருந்து இழுத்துப் போகக்கூடிய தேசத்தில் லஞ்சம் வாங்குகிறவனைப் பற்றி எவரிடம் போய்ப் பிராது கொடுப்பது? அவர் பதில் கூறாது டீயைக் குடித்து முடித்தார். நமது வாதம் அவரை மாற்றியிருக்கும் என்று நாம் நம்பவில்லை.

அப்பொழுதுதான், பெஞ்சின் கோடியில் சாக்குப் பையோடு உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் வாய் திறந்தார். 'அவங்களுக்கு எத்தனை நாள் கெடு கொடுத்தான், ஐயா?' என்றார்.

இந்தியர்களைக் குறித்துக் கேட்கிறார் என்று தெரிந்து கொண்டோம். 1972 ஆகஸ்டு மாத ஆரம்பத்தில் உத்தரவு பிறந்தது, 90 நாள் கெடு, ஆளுக்குச் சுமார் 50 பவுன் பணம், கையில் தூக்கக்கூடிய சாமான், அவ்வளவுதான் என்றோம். அரை லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் அவ்வாறு வெளியேறினார்கள். ஏறக்குறைய 27,000 பேர் பிரிட்டனுக்குப் போனார்கள். லெஸ்டர் நகரசபை, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்தது. அதற்கு நாலு வருஷம் முன்பே, 1968-ல், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர்கள் இஷ்டம்போல் வந்து இறங்காதபடி பார்லிமெண்டில் அவசர அவசரமாகச் சட்டம் செய்தாகி விட்டது.

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்து, 'எங்களுக்குப் பதினைந்து வருஷம் கெடு. பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு வருஷக்கணக்காக் காத்திருந்தோம்' என்றார்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் அங்கேயே பிறந்தவர். 1973-ல் மனைவி மக்களோடு கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேசுவரம் இறங்கினார். அந்த ரயில் வண்டிக்கு மலைநாட்டு ஜனங்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி' என்பது. ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் ஓலமிட, ஸ்டேஷன் ஸ்டேஷனாய் நின்று வந்த வண்டி அது.

வாசகர்கள் விவரம் அறிந்தவர்களே. ஆயினும் எடுத்துச் சொல்லுகிறோம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ம் வருஷத்திலேயே பிரஜா உரிமைச் சட்டம் ஒன்று செய்து, தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கி விட்டார்கள். பின்னர் 1964 அக்டோபர் 30-ந் தேதி, நமது பிரதம மந்திரி ஸ்ரீ லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதம மந்திரி ஸ்ரீமதி ஸிரிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பார்த்துக் கொண்டார்கள்: 1974-ல் ஆளுக்குப் பாதியாக, தலைக்கு 75,000 என்று பிரித்தாயிற்று. தோட்டத் தொழிலாளரின் தலைவராயிருந்த சௌமியமூர்த்தி தொண்டமானையேனும் கலந்து கொண்டார்களா என்றால் இல்லை. பிற்பாடு விண்ணப்பம் கோரிய போது, இந்தியப் பிரஜையாக விரும்பியவர்களைக் காட்டிலும் இலங்கைப் பிரஜையாக விரும்பியவர்களே மிகுதியாயிருந்தார்கள். கணக்கோ முன்னமே போட்டு முடிந்த கணக்கு.

அமீனையும் இந்தத் தலைவர்களையும் ஒரு தராசில் வைக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அவன் கொலைகாரன். இவர்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கொலை ஏதும் இல்லாமல், யுத்தம் இல்லாமல், ஒரு சிக்கலைத் தீர்த்ததாகவே அவர்கள் நம்பியிருக்கக் கூடும். ஆயினும் தேயிலைக் கொழுந்து கிள்ளிய அந்தக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், பிறந்த வீட்டை விட்டுக் கப்பலேறிய காரியம் ஒன்றுதான். ஸ்ரீமதி பண்டாரநாயகா 2000-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி, தேர்தலில் வோட்டுப் போட்டு விட்டுத் திரும்புகையில் காலமானார். உலகத்தின் முதல் பெண் பிரதம மந்திரி என்ற சொல்லே அன்று எங்கும் முன்னின்றது. சாஸ்திரியாரின் நினைவு நாளில் நாம் அவருடைய எளிமையையும் நேர்மையையும் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதே. அழுகைக் கோச்சியை அன்று யாரும் சொல்லுவதில்லை.

உகாண்டாவிலேயே இதற்கு மற்றோர் உதாரணம் உண்டு. ஒபோட்டே 1980 முதல் 1985 வரை இரண்டாம் முறை ஆண்ட காலத்தில் லுவேரோ பிரதேசத்தில் எண்ணற்ற ஜனங்கள் மாண்டார்கள். அவர் 2005 அக்டோபரில் இறந்த போது, அவரை எதிர்த்துக் காட்டில் யுத்தம் செய்த முசெவேனியின் சர்க்காரே அரசாங்க மரியாதையோடு அடக்கம் செய்வித்தது.

'உங்களை அனுப்பினது யார் என்று தெரியுமா?' என்று முதியவரைக் கேட்டோம். 'பேர் சொல்லத் தெரியாதுங்க. கண்டியிலேயிருந்து ஒரு கடுதாசி வந்துச்சு' என்றார்.

இறங்கிய பிறகு நடந்ததை அவர் பாதி சொன்னார், பாதியை நாம் பிறரிடம் விசாரித்து அறிந்தோம். கொழுந்து எடுப்பதன்றி வேறு தொழில் அறியாத அவருக்கு மறுவாழ்வு என்று சர்க்கார் கொடுத்தது வியாபாரக் கடன். சமவெளியில் ஒரு சிற்றூரில் கடை வைத்தார். ஆறு மாதத்தில் கடையும் இல்லை, கடன் மாத்திரம் இருந்தது. குளிர் பழகிய உடம்பு மலையைத் தேடிற்று. தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்தின் பட்டையை உரிக்கும் வேலைக்கு முன்பணம் வாங்கிக் கொண்டு குடும்பத்தோடு இம்மலைக்கு வந்தார். அந்த முன்பணம் எத்தனை வருஷம் உரித்தும் தீரவில்லையாம். அதிகாரிகள் வந்து கணக்கைக் கிழிக்கச் சொன்ன பிறகே காட்டை விட்டு வெளியே வந்தாராம்.

இவ்வளவையும் அவர் வருத்தமின்றியே சொன்னார். சாக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். பழைய பாஸ்போர்ட்டும், மடிப்புகளில் கிழிந்த குடும்ப அட்டையும் அதில் இருந்தன. நாம் வக்கீல் என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பேரனுக்குக் கல்லூரியில் சேர ஜாதிச் சான்று கேட்கிறார்களாம். தாலூகா ஆபீஸில் தகப்பனார் பிறந்த ஊரைக் கேட்டார்களாம். இலங்கை என்றதும், பாட்டனார் எந்த ஊரிலிருந்து போனார் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வரச் சொன்னார்களாம். முப்பது வருஷம் முன்பு இந்தியப் பிரஜை என்று முத்திரை குத்தி அழைத்து வந்தவர்களிடம் நூறு வருஷத்துக்கு முந்திய அத்தாட்சியை எதிர்பார்த்தார்கள்.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு எழுதினோம். அட்டையின் நம்பர், இறங்கிய தேதி, பாஸ்போர்ட்டில் கண்ட விவரம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் ஆயிற்று. கம்பளிக் குல்லாய்க்காரர் தமது பேனாவைக் கொடுத்ததோடு, சாக்ஷிக் கையெழுத்தும் போட்டார். முதியவர் நிதானமாக எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதி, மனுவை உறைக்குள் வைத்து, மன்னவனூர் பஸ் புறப்படுகிறதென்று மூட்டையை எடுத்துக் கொண்டு ஓடினார்.