நரம்பு ஊசியா, மாத்திரையா? மருந்துக் கடையோடு நிற்கும் சட்டம்

கொச்சி மட்டாஞ்சேரியில், நறுமணப் பொருள் கிடங்குகள் நிறைந்த ஜூ டவுனின் மருந்துக் கடைகளில் டாக்டர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் மாத்திரை விற்கக் கூடாது. நாடு முழுமைக்கும் இதுவே சட்டம் என்றாலும், அதைக் கண்டிப்புடன் செயல்படுத்த 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் திடீர் சோதனைகளைத் தொடங்கியது கேரள அரசு. மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளை எதிர்கொள்ள 2018-லேயே மாநில அளவில் செயல்திட்டம் வகுத்த முதல் மாநிலமும் கேரளம்தான்.

ஆனால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதே மருந்தை நரம்பு ஊசியாக எத்தனை நாள் செலுத்தலாம் என்பதை இச்சட்டம் வரையறுக்கவில்லை. குடல்வால் அறுவைச் சிகிச்சை இதற்குத் தக்க உதாரணம்.

வெடிக்காத குடல்வாலை அகற்ற, அறுவைக்கு முன் ஒரு தவணை ஆன்டிபயாடிக் போதும். தடுப்புக்காகப் பின்னரும் நீட்டிக்க வேண்டாம் என 2016-ல் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம். வெடித்துச் சீழ் பரவியிருந்தால் மட்டுமே தொடர் சிகிச்சை தேவை. அந்நிலையிலும் குழந்தைகளுக்கு 48 மணி நேரத்துக்குப் பின் மாத்திரைக்கு மாறலாம். மொத்தச் சிகிச்சை ஏழு நாளுக்குள் முடிய வேண்டும் என்கின்றன 2020-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள்.

நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2023-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. இரண்டு நாள் ஊசி பெற்றவர்களில் 10 சதவீதம் பேருக்கும், ஐந்து நாள் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் தொற்றுச் சிக்கல் ஏற்பட்டது. இந்த வேறுபாடு ஏற்கத்தக்கதே என்பது ஆய்வாளர்களின் முடிவு. எனினும், மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் இரண்டு நாள் பிரிவிலேயே அதிகம். எனவே, யாருக்கு எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும். வாந்தியும் காய்ச்சலும் தொடர்ந்தால் ஊசியைத் தவிர்க்க முடியாது.

ஊசிக்குத்தான் வீரியம் அதிகம் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. குடல் தொற்றுக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ரோனிடசோல், வாய்வழி உட்கொண்டாலும் ஏறக்குறைய முழுமையாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மறுபுறம், கையில் செருகிய ஊசிக்குழாயே தொற்றுக்கு வழியாகலாம். கிடங்கில் மூட்டை சுமப்பவருக்கோ, தேவையின்றிக் கட்டிலில் கழியும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மருந்துகள் பொதுப் பட்டியலில் உள்ளன. மத்திய அரசு 2025 நவம்பரில் இரண்டாவது தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. செயல்திட்டம் வழிகாட்டும்; சட்டம்போல் கட்டாயப்படுத்தாது. கடைக்காரரிடம் சீட்டைக் கேட்கும் அரசு, வார்டில் மருந்து நீடிப்பதற்கான காரணத்தையும் கேட்கத் தொடங்கினால்தான் இந்த முயற்சி முழுமை பெறும்.