வதந்தியும் விசாரணையும்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால், சுங்குவார்சத்திரம் இருக்கிறது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அங்கு நிகழ்ந்ததை நமது நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அதனின்று கற்கவேண்டிய பாடத்தை நாம் இன்னும் கற்றதாகத் தெரியவில்லை.

அவ்வூரில் அலைபேசி செய்யும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு விஷமாகி, 159 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். இரண்டு நாட்களாகியும் அவர்களிற் சிலர் வேலைக்குத் திரும்பக் காணோம். சிலர் மாண்டனரென்றும், அது மறைக்கப்படுகிறதென்றும் வதந்தி பரவிற்று. டிசம்பர் 17-ந் தேதி இரவு தோழியர் திரண்டு நெடுஞ்சாலையை மறித்தனர். மாவட்ட அதிகாரிகள் நேரில் வந்து விளக்கிய பின்னர் மறுநாள் மறியல் முடிந்தது. மாண்டவர் ஒருவருமில்லை; வதந்தி பொய்.

அறியாத பெண்கள் ஏமாந்தனரென்று சொல்லி இதை முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகுமா?

இத்தகைய கேள்வியை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தத்துவ சாஸ்திரிகள் உண்டு. கென்யாவில் பிறந்து, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் போதித்து, பின் இங்கிலாந்தின் வார்விக் ஸர்வகலாசாலைக்கு வந்த பேராசிரியர் காஸிம் கஸாம் அவர்களில் ஒருவர். அறிவு எவ்வாறு சித்திக்கிறதென்று பல வருஷம் ஆராய்ந்த இவர், பின்னர் அறிவு எவற்றால் தடைப்படுகிறதென்ற விசாரணையில் இறங்கினார். எளிதில் நம்புதல், பிடிவாதம், மாற்றுக் கருத்துக்குச் செவிசாய்க்காமை ஆகியவற்றை மனத்தின் குற்றங்களென்று வகுத்து 2019-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வருஷத்திலேயே வந்த மற்றொரு நூலில், சதிக் கதைகளை நம்புவோரின் குணதோஷத்தை மட்டும் பேசினாற் போதாது, அக்கதைகள் பெரும்பாலும் அரசியற் பிரசாரமேயென்று வாதித்தார். நியூஸீலாந்துப் பேராசிரியர் சார்லஸ் பிக்டனோ, சரித்திரம் மெய்யான சதிகளால் நிறைந்தது, ஆகையால் சதியென்று சொன்னமாத்திரத்தில் ஒன்றைத் தள்ளலாகாது, அததனைச் சாட்சியங்கொண்டே தீர்மானிக்க வேண்டுமென்பவர்.

நாம் நியாயஸ்தலங்களிற் பழகியவராதலின், நமக்கு ஒரு பழைய விதி நினைவிற்கு வருகிறது. தன் கைவசமுள்ள சாட்சியத்தை ஒருவன் கொண்டுவராவிடின், அது அவனுக்குப் பிரதிகூலமானதென்று கோர்ட்டு ஊகிக்கலாமென்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலையில் அதனிடத்தில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது. ஊகிக்கலாமென்பதே விதி; ஊகித்தே தீரவேண்டுமென்பதன்று. நேரான சாட்சியம் வந்தால் ஊகம் விழுந்துபோம்.

இவ்விதியை அப்பெண்களின் காரியத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். தோழியர் எங்கே, எந்நிலையிலென்று அறிந்தவர்கள் காலத்திற் சொல்லாதபோது அவர்கள் சந்தேகித்தது குற்றமன்று. உண்மை விளங்கிய பின் மறியலும் முடிந்தது. சதிக் கதையையே பிழைப்பாகக் கொண்டவன் இவ்வாறு செய்யான். அமெரிக்கப் பேராசிரியர் பிரையன் கீலி 1999-ற் காட்டியபடி, அவன் தன் கதையைக் காப்பதற்கு மேன்மேலும் அதிகமான பேர்களைப் பொய்யராக்குவான். முடிவில் நம்பத்தக்கவர் ஒருவரும் மிஞ்சார்.

அன்றியும், வதந்தி பொய்யாயினும் குறை மெய்யே. தொழிலாளிகளின் விடுதிகளும் உணவறைகளும் சில தனது விதிகளுக்கு ஏற்றவையல்லவென்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ந் தேதிதான் திறந்தது. உண்மையை உடனே சொல்லியிருந்தால் அந்த இரவின் துயரம் நேர்ந்திராது.

ஆதலால் முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் நாம் சொல்வது: விபத்து நேர்ந்தால், நோயுற்றோர் இன்ன இடத்தில் இன்ன நிலையிலிருக்கிறார்களென்பதை அவர்களுடைய உற்றாருக்கும் தோழருக்கும் அன்றே அறிவியுங்கள். பொதுக்காரியத்தில் உழைக்கும் நண்பர்களுக்குச் சொல்வது: ஒரு செய்தியை மேடையேற்றுமுன், கண்டவர் யார், எதனால் இது பொய்ப்படக்கூடுமென்று கேளுங்கள். பொய்யான மரணச் செய்தியொன்றால் மெய்யான குறை பத்தும் மறைக்கப்படும். தொழிலாளியின் வழக்கு வலுவுள்ளது. அதற்குப் பொய்ச்சாட்சி வேண்டியதில்லை.