கை பேசும் மொழிக்கு ஓர் அகராதி!
பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்த அரிய ஆராய்ச்சி

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். அங்குள்ள ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. 1930-ல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய பள்ளி அது. 1934-ல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார்.

சமயத் தொண்டர்கள் நடத்தும் கல்லூரியில் என்ன ஆராய்ச்சி நடக்கும்? ஏட்டுச் சுவடிகளைத்தான் புரட்டுவார்கள் என்று நினைக்கிறீர்களா? இங்கே நடந்தது வேறு!

ஊர் ஊராகச் சென்றார்கள்

காது கேளாதவர்கள் கையால் பேசுகிறார்கள். அது வெறும் ஜாடை அல்ல; இலக்கணம் உள்ள மொழி. விரல்களின் வடிவம், கை இருக்கும் இடம், அசைவு, முகபாவம் எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. "உன் வீடு எங்கே?" என்று நாம் கேட்கிறோம் அல்லவா? சைகையிலும் "எங்கே" கடைசியில்தான் வரும்!

இந்த மொழிக்கு அகராதி வேண்டாமா? வித்யாலயக் கல்வியியல் கல்லூரி அந்த வேலையில் இறங்கியது. 12 மாநிலங்களில் 42 நகரங்களிலிருந்து சைகைகளைச் சேகரித்தார்கள். 2001-ல் இந்திய சைகை மொழி அகராதி வெளிவந்தது.

கை கொடுத்தவர் யார்?

வகுப்பு நடத்தும் ஆசிரியர் தம் சம்பளத்தில் நாடு முழுவதும் சுற்ற முடியுமா? பயணம், படம், அச்சு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இந்த முயற்சிக்குத் துணை நின்றது சி.பி.எம். என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். எர்னஸ்ட் கிறிஸ்தஃபல் என்ற ஜெர்மன் பாதிரியார் 1908-ல் தொடங்கிய பணியின் வழி வந்தது அது.

ராமகிருஷ்ணர் பெயரால் நடக்கும் கல்லூரிக்கு கிறிஸ்தவர்கள் உதவினார்கள். மனிதனுக்குச் செய்யும் தொண்டே இறைவனுக்குச் செய்யும் பூசை என்றார் விவேகானந்தர். அந்தத் தொண்டில் இரு சமயத்தாரும் சேர்ந்து நின்றார்கள்!

2005-ல் விவேகானந்தர் பெயரால் பேலூரில் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன் ஒரு பிரிவு பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்தது. மாற்றுத்திறனாளிகளின் கல்வி அங்கே ஆராய்ச்சித் துறையாயிற்று. 2015-ல் மத்திய அரசும் டெல்லியில் சைகை மொழிக்கென்றே தனி ஆராய்ச்சி மையம் ஏற்படுத்தியது.

பெற்றோர் கவனிக்க!

காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று சில வீடுகளில் காத்திருக்கிறார்கள். அதற்குள் மொழி கற்கும் வயது கடந்துவிடுகிறது. அம்மா, அப்பா, சோறு, தண்ணீர், வலி. இந்த ஐந்து சைகைகளை வீட்டில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வயிறு வலிக்கிறது என்று அந்தக் குழந்தை சொன்னால், சொன்னது உங்களுக்குப் புரிய வேண்டாமா?