விருந்தும் உழைப்பும் ஒரே தட்டில்: நகரத் தமிழரின் அன்றாடச் சாப்பாடு

"பசியாறிட்டீங்களா?" காலையில் சந்திக்கும் மலேசியத் தமிழர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பது இப்படித்தான். தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கான பதில் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் அது பெரும்பாலும் கடையிலிருந்து வருகிறது. காலையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும், மதியம் வாழை இலைச் சாப்பாடு, இரவு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மீ கோரெங் பொட்டலம். வேலைக்குப் போகும் பலருக்கு ஒரு நாள் இப்படியே முடிந்துவிடுகிறது.

இவற்றில் எதுவும் கெட்ட உணவு அல்ல. தலைமுறை தலைமுறையாக விரும்பிச் சாப்பிட்டவைதான். ஆனால் இவை யாருக்காக, எந்த நாளுக்காகச் சமைக்கப்பட்டன என்று பார்த்தால் ஓர் உண்மை தெரியும். சில உணவுகள் கடும் உடலுழைப்புக்காக உருவானவை. சில, விருந்து நாளுக்காக உருவானவை. இன்று இரண்டும் சேர்ந்து, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவரின் அன்றாடச் சாப்பாடாகிவிட்டன. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

எண்கள் சொல்வது

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். அவ்வாண்டு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. அப்போதும் ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்குதான்.

மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் சிகிச்சை தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்பு நீரே. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். வீட்டில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும் நிலை வந்தால், வேலை, வருமானம், பிள்ளைகளின் படிப்பு என்று குடும்பமே அந்த நேரத்தைச் சுற்றித்தான் இயங்க வேண்டும்.

இதற்குப் பரம்பரையும் ஒரு காரணம். தெற்காசிய வம்சாவளியினருக்கு அதிகப் பருமன் இல்லாதபோதும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. அதனால்தான் மலேசியாவில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை எல்லையாகக் கொள்கிறார்கள். பரம்பரையை மாற்ற முடியாது. தட்டை மாற்றலாம்.

காண்டா கம்பு சுமந்தவர்களின் சாப்பாடு

ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஒருவருக்கு 400, 500 மரங்கள். மேடு பள்ளம் ஏறி இறங்கி மரத்துக்கு மரம் வெட்டிவிட்டு, பிறகு அதே வழியில் திரும்பிப் பாலைச் சேகரித்து, காண்டா கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வர வேண்டும். அந்த உடம்புக்குச் சோறு மலைபோல வேண்டியிருந்தது. உண்ட சோறு வேலையிலேயே எரிந்தது.

பினாங்கின் நாசி கண்டார் கதையும் இதுதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு கம்பின் இரு முனைகளிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள். அந்தக் கம்பின் மலாய்ப் பெயரே உணவின் பெயரானது. தோட்டத் தமிழர் வாயில் 'காண்டா'வாக மாறியதும் அதே சொல்தான். நாசி கண்டாரை வாங்கிச் சாப்பிட்டவர்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். பல கறிகளின் குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றிய சோறு, அந்த உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு.

டின் பால் ஊற்றிய தேநீரும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கெடாமல் இருந்த பால் அது. களைத்தவருக்கு உடனே தெம்பு தந்தது.

இலைக்கு ஒரு நாள் இருந்தது

வாழை இலைச் சாப்பாடு வேறு வகை. அது கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் உரியது. இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும், சுப காரியத்தில் சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன்னை நோக்கி மடிக்க வேண்டும் என்றெல்லாம் முறைகள் வந்தது அதனால்தான். சாதாரண நாளில் வீட்டில் தட்டுதான். அதில் சோறு, ரசம், ஒரு கீரை, கொஞ்சம் நெத்திலி அல்லது கருவாடு. வெள்ளிக்கிழமை மரக்கறி. கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு, ஆட்டிறைச்சி சம்பளம் போட்ட வாரத்துக்கு.

இன்று பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பங்சார், கிள்ளான் தெங்கு கிளானா சாலை என எங்கு போனாலும் நண்பகலில் இலை விரிந்திருக்கிறது. மூன்று காய்கறி, பொரித்த பாகற்காய், அப்பளம், கோழி அல்லது மீன் குழம்பு, கூடவே ஒரு பொரியல் துண்டு. சம்பள நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாணச் சாப்பாடு வேலைநாளின் மதிய உணவாகிவிட்டது.

ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரியும் 45 கிராம் மாவுச்சத்தும் இருக்கும். இலையில் முதல் தடவை விழுவதே இரண்டு கோப்பைக்குக் குறையாது. மறு சோறு வாங்கினால் மூன்று, மூன்றரை. மரம் வெட்டியவருக்கு அது சரி. சாப்பிட்டுவிட்டுக் கணினி முன் அமர்பவருக்கு அந்தச் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது.

ஒரு கிளாஸ் தே தாரேக்கின் கணக்கு

டின் பாலின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரைதான். ஒரு கிளாஸ் தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால், ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. காலை, மதியம், மாலை என்று மூன்று கிளாஸ் குடித்தால் 60 கிராமைத் தாண்டும். உணவில் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சர்க்கரை வரி இதற்கும் உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 ஜூலை 1இல் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கி, 2025 ஜனவரியிலிருந்து 90 காசாக உயர்ந்த அந்த வரி, தொழிற்சாலையில் தயாராகும் இனிப்புப் பானங்களுக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அது கிடையாது. அங்கே காவல் காக்க வேண்டியது குடிப்பவரின் வாய்தான்.

ரொட்டி சானாய் ஒன்றில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கும். வெள்ளைக் கோதுமை மாவும் எண்ணெயும் மார்ஜரினும் சேர்ந்து பிசைந்து, விசிறி, மடித்துச் சுடுவதால்தான் அந்த மொறுமொறுப்பு. இரண்டு ரொட்டி, குழம்பில் மூழ்கடித்து 'பஞ்சிர்', ஒரு தே தாரேக் என்று பசியாறினால், மதியத்துக்கு முன்பே ஒரு நாளின் தேவையில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது.

வீட்டில் சமைத்தால் தீருமா?

"வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள்" என்று சொல்வது எளிது. ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தலைநகருக்கு வேலைக்கு வருபவர் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகே திரும்புகிறார். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். பாதுகாவலர், லாரி ஓட்டுநர், உணவு விநியோகிப்பவர், அடுப்பே இல்லாத வாடகை அறையில் தங்கியிருப்பவர் ஆகியோருக்குக் கடைச் சாப்பாடு ஆடம்பரம் அல்ல, வேறு வழியில்லாத ஒன்று.

வீட்டிலேயே சமைத்தாலும் பழக்கம் மாறாவிட்டால் பயன் இல்லை. மானிய விலையில் 1 கிலோ எண்ணெய்ப் பாக்கெட் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது பொரிக்கக் கை தயங்குவதில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று அம்மா அள்ளி வைப்பது பாசம். வேண்டாம் என்றால் மனம் கோணும். ஆகவே கடையிலும் வீட்டிலும் செய்யக்கூடிய சிறு மாற்றங்களே நிலைக்கும்.

சுகாதார அமைச்சு இதற்கு ஓர் எளிய அளவைச் சொல்கிறது. மலாயில் 'சூக்கு சூக்கு செப்பாரு', தமிழில் கால், கால், அரை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். கிராம் கணக்கு வேண்டாம், கண்ணளவே போதும்.

கடையில் என்ன கேட்கலாம்

இலைக் கடையில் சோறு வைக்க வரும்போதே "பாதி போதும்" என்று சொல்லலாம். பெரும்பாலான கடைகளில் சோற்றைப் போலவே காய்கறியையும் கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுமுறை வைப்பார்கள். ஆனால் மறு சோறு கேட்பவர்களே அதிகம், மறு காய் கேட்பவர்கள் குறைவு. அதைத் திருப்பிப் போட்டாலே இலை கால், கால், அரைக்கு அருகில் வந்துவிடும். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டால், இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குழம்பை ஊற்றச் சொல்லாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கினால் உப்பும் எண்ணெயும் குறையும்.

காலையில் ரொட்டி சானாய் வேண்டுமென்றால் ஒன்று, கூடவே பருப்புக் குழம்பு. மற்ற நாள்களில் முழுக் கோதுமைச் சப்பாத்தி, இட்லி, அதிக எண்ணெய் விடாத தோசை. தேநீரில் முதல் வாரம் 'கூராங் மானிஸ்', பிறகு 'தே ஓ', முடிந்தால் 'தே ஓ கோசோங்'. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். பழகிய பிறகு பழைய தே தாரேக் திகட்டும்.

சாப்பிட்ட உடனே வண்டியில் ஏறாமல் 10, 15 நிமிடம் நடப்பதும் உதவும். தோட்டத்தில் அந்த நடை தானாகக் கிடைத்தது. நகரத்தில் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஞாயிறு சமையலில் பாதி வாரம்

வீட்டில் தினமும் முழுச் சமையல் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பருப்பை வேகவைத்துப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். கெம்போங் மீனைக் கழுவி மஞ்சள் தடவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு பொட்டலமாக உறைய வைக்கலாம். தோசை மாவை அரைக்க நேரமில்லாவிட்டால் மளிகைக் கடையில் கிடைக்கிறது. வேகவைத்த பருப்பு கையில் இருந்தால் கங்கோங் கீரையோ முருங்கைக் கீரையோ சேர்த்து 15 நிமிடத்தில் ஒரு கூட்டு. சார்டின் டின் ஒன்றுடன் வெங்காயமும் தக்காளியும் போட்டால் ஒரு பிரட்டல். கூடவே ரசம். லயத்து வீடுகளில் சாதாரண நாளில் சாப்பிட்டது இதைத்தான். ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிய அந்தத் தட்டுதான் கால், கால், அரைக்கு மிக நெருக்கமானது. அன்று அதிகமாக இருந்தது சோறு மட்டுமே.

பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்

இனிப்பு நீர் தொடக்கத்தில் வலிக்காது. அறிகுறி தெரியும் வரை பலர் கடையையும் மாற்றுவதில்லை, மருத்துவமனைக்கும் போவதில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 7.0ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அரசாங்க உதவித் தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால், வயது 40 ஆகட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே போய்ப் பார்ப்பது நல்லது.

வாழை இலையையோ ரொட்டி சானாயையோ யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. இலைக்கு அதன் நாளைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இலை, செவ்வாய்க்கிழமை அவசரத்தில் விழுங்கும் இலையைவிட ருசியாகத்தான் இருக்கும்.