எரிவாயுப் பங்கும் நம்மவர்களும்

ஆர்.கே. புரம் மலை மந்திரில் ஞாயிற்றுக்கிழமை மாலை தரிசனம் முடித்து இறங்குகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கீழே பத்து நிமிஷம் நின்று பேசாவிட்டால் தரிசனமே பூர்த்தியாகாது என்பது டில்லித் தமிழர்களின் சம்பிரதாயம். ஊர்ச் செய்தி, பெண்ணுக்கு வரன், ரயில் டிக்கெட் என்று போகும் அந்தப் பேச்சு, 2024 நவம்பர் 17-ந் தேதி வேறு பக்கம் திரும்பியிருந்தது. நின்றவர்களில் நாலைந்து பேர் பங்கு வைத்திருப்பவர்கள். மறுநாள் காலை சந்தை திறந்ததும் விற்பதா, வைத்திருப்பதா என்பதுதான் விவாதம்.

விஷயம் இது. டில்லி வீடுகளுக்குக் குழாய் வழியாகவும், பஸ், ஆட்டோக்களுக்கு சி.என்.ஜி.யாகவும் எரிவாயு விற்கும் இந்திரப்பிரஸ்தா கியாஸ் நிறுவனத்துக்குச் சர்க்கார் ஒதுக்கி வந்த மலிவு விலை எரிவாயு, நவம்பர் 16 முதல் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துவிட்டது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் இதே போல இன்னொரு வெட்டு விழுந்திருந்தது. குறைகிற அளவை அதிக விலைக்கு வெளியே வாங்கிச் சமாளிக்க வேண்டும், லாபம் சுருங்கும், பங்கு விலை சரியும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அங்கே நின்றவர்களில் ஒருவர் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. மயூர் விஹாரில் வாசம். அவரிடம் 400 பங்குகள். பெண் அடுத்த வருஷம் கல்லூரியில் சேர வேண்டும். அதற்கென்று பாங்கில் இருந்த வைப்புத் தொகையை எடுத்து, அந்த ஆண்டு கோடையில் இந்தப் பங்கை வாங்கியிருந்தார்.

"நம்ம வீட்டு அடுப்பு எரியறது இவங்க கியாஸிலேதானே ஸார்? டில்லி இருக்கிற வரைக்கும் வியாபாரம் இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

அவர் நினைத்ததில் தப்பில்லை. வியாபாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திங்கட்கிழமை ஒரே நாளில் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்தது. பங்கு ஒன்றுக்குச் சுமார் 80 ரூபாய். 400 பங்குக்கு 32,000 ரூபாய். அன்று அவர் வீட்டு அடுப்பு எப்போதும் போலத்தான் எரிந்தது.

விலையை நிர்ணயிப்பது யார்?

அந்தக் கூட்டத்தில் மூத்தவர், செக்ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது விற்கிற நிறுவனத்தின் பங்கு அல்ல. பூமியிலிருந்தும் கடலடியிலிருந்தும் எடுக்கிற நிறுவனத்தின் பங்கு. அதாவது எண்ணெய் - இயற்கை எரிவாயுக் கழகம், ஓ.என்.ஜி.சி. நாட்டிலேயே மிக அதிகமாக எரிவாயு எடுக்கும் இந்த நிறுவனத்தின் தலைமையகம் இதே டில்லியில், வசந்த் குஞ்சில் இருக்கிறது.

2004 மார்ச்சில் சர்க்கார் தன் கையிலிருந்த ஓ.என்.ஜி.சி. பங்குகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றது. விலை 750 ரூபாய். வசூலானது 10,500 கோடிக்கும் மேல். அந்த நாளில் டில்லி அலுவலகங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பப் படிவம் கைமாறிய வேகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் பெரியவருக்கு 40 பங்குகள் கிடைத்தன. சிறு முதலீட்டாளருக்குத் தந்த தள்ளுபடியைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 30,000 ரூபாய்.

இரண்டே மாதம். லோக் சபா தேர்தல் முடிவு வந்து, மே 17-ந் தேதி பம்பாய் பங்குச் சந்தைக் குறியீடு 565 புள்ளி விழுந்தது. வியாபாரத்தை இரண்டு முறை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஓ.என்.ஜி.சி. வாங்கிய விலைக்குக் கீழே போயிற்று. பெரியவர் விற்கவில்லை. பிறகு நல்ல காலம் வந்தது. 2006-ல் இரண்டு பங்குக்கு ஒன்று போனஸ். 2011-ல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்து, அதன் மேல் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2016-ல் மறுபடி இரண்டுக்கு ஒன்று. நாற்பது பங்கு 360 ஆகிவிட்டது. அடக்க விலை பங்குக்கு 83 ரூபாய் சொச்சம்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் 2020 மார்ச்சில் சவூதி அரேபியாவுக்கும் ரஷ்யாவுக்கும் மூண்ட எண்ணெய் விலைப் போட்டியும் கொள்ளை நோயும் சேர்ந்து அடித்தபோது இந்தப் பங்கு 60 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. லாப ஈவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பதினாறு வருஷம் காத்திருந்தவரிடம் போட்ட 30,000 கூட இல்லை. 22,000-க்கும் குறைவு. இது ஏதோ போலிக் கம்பெனியின் கதை அல்ல. பாதிக்கு மேல் சர்க்காருக்கே சொந்தமான நிறுவனத்தின் கதை.

"சர்க்கார் கம்பெனி, முழுகாது" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். முழுகாது என்பது நிஜம்தான். ஆனால் வீட்டுக்காரர் சர்க்காராக இருந்தால் வீட்டின் அண்டாவும் குண்டானும் அவர் சொல்கிற இடத்துக்குப் போகும். டீஸலையும் மண்ணெண்ணெயையும் சமையல் கியாஸையும் மக்களுக்கு மலிவாகக் கொடுக்க, எண்ணெய் விற்கும் கம்பெனிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்தில் ஒரு பங்கை ஓ.என்.ஜி.சி. சுமந்தது. 2013-14-ல் மட்டும் அந்தச் சுமை 56,384 கோடி ரூபாய். 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் சர்க்கார் வைத்திருந்த பங்கை 36,915 கோடி கொடுத்து இதே நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2022 ஜூலை 1-ந் தேதி, உலகச் சந்தையில் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த சமயம், உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் புது வரி வந்தது. அன்று மட்டும் பங்கு 13 சதவீதம் சரிந்தது. அந்த வரி 2024 டிசம்பரில் ரத்தாயிற்று.

எரிவாயு விலைக்கு வருவோம். பழைய வயல்களில் எடுக்கும் எரிவாயுவுக்கு ஓ.என்.ஜி.சி. தன் இஷ்டப்படி விலை வைக்க முடியாது. 2014 நவம்பர் முதல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா ஆகிய நாடுகளின் விலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்ரோலிய அமைச்சகம் அறிவிக்கும். பத்து லட்சம் பி.டி.யு. என்கிற வெப்ப அளவுக்கு இத்தனை டாலர் என்று கணக்கு. ஆரம்பத்தில் 5.05 டாலர். 2020 அக்டோபரிலிருந்து ஒரு வருஷம் 1.79 டாலர்தான். எடுக்கிற செலவுக்கே கட்டவில்லை என்று நிறுவனம் முறையிட்டது. உக்ரைன் யுத்தம் வந்தது. 2022 அக்டோபரில் அதே எரிவாயு 8.57 டாலர். கிணறும் குழாயும் மாறவில்லை. பம்பாய்க் கடலில் வேலை பார்க்கிற ஆட்களும் மாறவில்லை. இரண்டே வருஷத்தில் விலை நாலரை மடங்குக்கும் மேல்.

பங்கு ஆடாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் பேச்சில் கலந்துகொண்டார் ஒரு வேன் டிரைவர். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். பங்கு, டிமேட் கணக்கு எதுவும் அவருக்குக் கிடையாது.

"ஐயா, உங்க பங்கு ஏறட்டும், வேணாங்கல. ஆனா அது ஏறுற அன்னிக்கெல்லாம் என் பாக்கெட்டுல இல்ல கை வைக்கிறாங்க?" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. டில்லியில் 2021 மார்ச்சில் சி.என்.ஜி. கிலோ 43 ரூபாய் சில்லறை. 2022 டிசம்பரில் 79.56. வேன் கட்டணத்தை அப்படி ஏற்றினால் பெற்றோர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்த வித்தியாசத்தைத் தன் சாப்பாட்டிலிருந்தும் ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்தும் கழித்ததாகச் சொன்னார்.

2023 ஏப்ரலில் கிரித் பாரிக் குழுவின் சிபாரிசை ஒட்டி மத்திய மந்திரிசபை முறையை மாற்றியது. இனி கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம், மாதா மாதம் கணக்கு, ஆனால் ஓ.என்.ஜி.சி.யின் பழைய வயல் எரிவாயுவுக்கு 4 டாலருக்குக் கீழும் போகாது, 6.50 டாலருக்கு மேலும் போகாது. அந்த மாதம் கணக்குப்படி வந்த விலை 7.92 டாலர். கழகத்துக்குக் கிடைத்தது 6.50. டில்லியில் சி.என்.ஜி. 73.59 ரூபாயாக இறங்கியது. அந்த 1.42 டாலர், பெரியவரின் 360 பங்குக்குப் பின்னால் இருக்கிற நிறுவனத்திடமிருந்து தர்மபுரிக்காரரின் வேன் வரைக்கும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். இருவரும் ஒரே படிக்கட்டில் நிற்கிறார்கள். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்குப் போனது. உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 6.75 ஆயிற்று.

இதில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. ஆனால் 'எரிவாயுத் தேவை வளர்கிறது, ஆகவே பங்கு ஏறும்' என்று கணக்குப் போடுகிறவர், நடுவில் பெட்ரோலிய அமைச்சகத்தில் ஒரு மேஜை இருப்பதை மறந்துவிடுகிறார். அந்த மேஜையில் தேர்தல், விலைவாசி, உர மானியம் எல்லாம் ஒரே கோப்பில் வரும். டில்லியில் இருபது முப்பது வருஷம் கோப்பு தள்ளிய நம்மவர்களுக்கே இது மறந்துபோவதுதான் வேடிக்கை.

உத்தரவு போட்டால் அது நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. இந்திரப்பிரஸ்தா கியாஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்கு 2012 ஏப்ரல் 10 மறக்காது. பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அந்த நிறுவனத்தின் குழாய்க் கட்டணத்தை 63 சதவீதம் குறைத்தது, அதுவும் 2008 முதல் முன்தேதியிட்டு. ஒரே நாளில் பங்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. பயந்து விற்றவர்கள் பலர். ஜூன் 1-ந் தேதி டில்லி ஹைகோர்ட், வாரியத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உத்தரவை ரத்து செய்தது. பங்கு அதே வேகத்தில் எழுந்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஏப்ரலில் விற்றவருக்கு ஜூன் தீர்ப்பால் என்ன லாபம்?

திருவாரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் மட்டும் இந்தப் பேச்சில் கடைசி வரை ஒட்டவில்லை. ஓ.என்.ஜி.சி. பங்கு வாங்கவே மாட்டேன் என்பவர் அவர். காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் என்று கழகத்தின் கிணறுகள் இருக்கின்றன. 2017 ஜூனில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதும், ஊர் திரண்டதும், தடியடி நடந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. "லாப ஈவு வர்ற அன்னிக்கு வயக்காடு ஞாபகம் வரும், எனக்கு வேண்டாம்" என்றார். அவரோடு யாரும் வாதாடவில்லை. அவர் வீட்டிலும் குழாய் கியாஸ்தான் எரிகிறது என்பதை அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

பெரியவர் குமாஸ்தாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பெண்ணுக்குப் பணம் எப்போ கட்டணும்?"

"ஜூன்லே ஸார்."

"அப்போ இது பங்கிலே இருந்திருக்கக் கூடாது. என் பணத்துக்குத் தேதி கிடையாது. அதனாலே நான் 2020-லேயும் பேசாம இருந்தேன்."

பேசாமல் இருந்ததற்குப் பலனும் உண்டு. 2024 ஆகஸ்டில் ஓ.என்.ஜி.சி. 345 ரூபாயைத் தொட்டது; அன்று 360 பங்கின் மதிப்பு 1,24,200 ரூபாய். 2023-24-க்குப் பங்குக்கு 12.25 ரூபாய் வீதம் 4,410 ரூபாய் லாப ஈவு. அதைப் பெரியவர் தன் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "பென்ஷன் வந்தது, விற்க வேண்டிய அவசியம் வரலே" என்றார்.

நொய்டாவில் அந்த நவம்பரிலேயே சி.என்.ஜி. கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியது. டில்லியில் சட்டசபைத் தேர்தல் முடிந்து, 2025 ஏப்ரலில் ஒரு ரூபாய். குமாஸ்தா நண்பர் திங்கட்கிழமை விற்கவில்லை. 2025 ஜனவரி கடைசியில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்து அவருடைய 400 பங்கு 800 ஆயிற்று. ஜூனில் அதில் 500-ஐ நஷ்டத்துக்கு விற்று, மீதிக்கு பி.எஃப். கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார்.

போனஸ் தேதியன்று விலை பாதியாகத் தெரியும் அல்லவா? கும்பகோணத்திலிருந்து அவர் மாமனார் பதறிப்போய் போன் செய்தாராம்: "மாப்பிள்ளை, மறுபடியும் விழுந்துடுத்தாமே?" பங்கு இரட்டிப்பாகி, விலை பாதியாகி, பணம் மட்டும் அப்படியே இருக்கிறது என்பதை அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று என்றார் நண்பர்.